தா.வி. என்ற இரண்டெழுத்து

கருக்குவிளைக் கல்லூரியில் ஸ்டூலுக்கும் பீரோவுக்கும் பேர் எழுதுகிற வழக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு சண்டை, அந்தச் சண்டைக்குக் காரணம் ஒரே ஆய்வகத்தில் குடித்தனம் நடத்திய இரண்டு துறைகள், அந்த இரண்டு துறைகளும் அப்படி இடிபட்டதற்குக் காரணம் தேரிக்காட்டுச் செம்மணலை ஒருமுறை பார்த்து இங்கே கட்டுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் காரில் ஏறிப் போன யாரோ ஒரு புண்ணியவான். காலையில் விலங்கியல் பிள்ளைகள் உட்கார்ந்து தவளையை அறுத்த ஸ்டூலில் மத்தியானம் தாவரவியல் பிள்ளைகள் உட்கார்ந்து செம்பருத்தியை அறுத்தார்கள். மத்தியானம் ஆனால் பாதி ஸ்டூல் காணாமல் போகும். விலங்கியல் செல்லத்துரை சார்தான் ஆள்வைத்துத் தூக்கிக்கொண்டு போனார் என்று எல்லோருக்கும் தெரியும். கேட்டால், 'ஸ்டூல்ல என்ன பேரா எழுதியிருக்கு?' என்பார்.

பிரின்சிபால் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவனவன் சாமானில் அவனவன் துறைப் பேரை எழுதிக்கொள்ளுங்கள், இனி இந்தப் பஞ்சாயத்து என் அறைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். தாவரவியலில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தவள் எஸ்தர் பாக்கியம். புதிதாக வந்தவர் தலையில்தானே எந்த வேலையும் விழும். மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு தரையில் உட்கார்ந்து, ஸ்டூல் காலில் 'தாவரவியல்' என்று எழுதப் பார்த்தாள். கால் ஒல்லி, பேர் நீளம். பாதியிலேயே கால் முடிந்துபோயிற்று. அழித்துவிட்டு முதலில் ஒரு 'தா', ஒரு புள்ளி, அப்புறம் ஒரு 'வி', ஒரு புள்ளி என்று சுருக்கி வைத்தாள். தா.வி. பிறந்த கதை இவ்வளவுதான். 'வி' எங்கள் எழுத்து என்று செல்லத்துரை சார் ஒரு கூட்டம் முழுக்கக் குதித்தார், கடைசியில் வி.ல. என்று வாங்கிக்கொண்டு அடங்கினார்.

அதற்கப்புறம் அந்த இரண்டெழுத்து நடமாடாத இடமில்லை. வாளியில் ஏறியது, பீரோவில் ஏறியது, துடைப்பக்கட்டையில் ஏறியது, கால அட்டவணையில் ஏறியது, 'தா.வி. பிள்ளைகள் ரெண்டு பஸ் வந்தும் ஏறாம நிக்குதுவ' என்று கண்டக்டர் வாயில்கூட ஏறியது. எஸ்தர் துறைத் தலைவி ஆனாள், தலையில் நரை ஏறியது, கல்யாணம் மட்டும் ஆகவில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் மங்கிப்போன எழுத்துகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தாள். அத்தனை வருஷமும் எழுத்து எழுத்தாகத்தான் இருந்தது.

ஒரு ஜூன் மாதம், வகுப்பு நடக்கும்போது, கடைசி வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "மேடம், ஸ்டூல் குத்துது," என்றாள்.

ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் என்று எஸ்தர் குனிந்து பார்த்தாள். ஆணி இல்லை. 'வி'க்குப் பக்கத்துப் புள்ளியிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கொப்பு கிளம்பி, அதில் வாகை இலை ஜோடி ஜோடியாக விரிந்து, நுனியில் ஒரு கொழுந்து இன்னும் மடக்கின கையாக இருந்தது. அறுத்து, இழைத்து, வார்னிஷ் பூசி, முப்பது வருஷம் பிள்ளைகள் உட்கார்ந்து தேய்த்த செத்த மரம் அது. துளிர்க்கவே முடியாது என்று அவள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்! அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணோ கொப்பை ஒடித்துவிடாமல் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, "மேடம், இதையும் ரெக்கார்டுல வரையணுமா?" என்று கேட்டாள்.

ஒரு வாரத்தில் ஸ்டூல்கள் தரையை உடைத்துக்கொண்டு வேர் விட்டன. பீரோ விழுது இறக்கியது. இரும்பு எப்படி விழுது விடும் என்று எஸ்தர் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், பியூன் பீரோவிலிருந்து பறித்த பழத்தைத் துடைத்து அவளிடம் நீட்டி, 'தின்னு பாருங்க மேடம், கொடுக்காப்புளி மாதிரி இருக்கு,' என்றான். ஏன் அத்தனை வருஷம் சும்மா இருந்த எழுத்து அந்த ஜூனில் பிடித்துக்கொண்டது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கருக்குவிளையிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டது எஸ்தர் ஒருத்திதான், அவளுக்குத்தான் ராத்தூக்கம் போயிற்று. ஊர்க்காரர்கள் முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், இரண்டாம் நாள் தங்கள் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

டீக்கடைக்காரர் தன் பெஞ்சில் எழுதி வாங்கிக்கொண்டு போனார், பெஞ்சு தழைத்து உட்காருகிறவனுக்கு அதுவே நிழலும் கொடுத்தது, டீக்கு விலையைக் கொஞ்சம் ஏற்றினார். பழுதாகிப் பஸ் நிலையத்தில் கிடந்த பழைய பஸ்ஸில் யாரோ எழுதிவிட, அது சக்கரங்களால் வேர் பிடித்து ஜன்னல் ஜன்னலாகச் சுரைக்காய் காய்த்தது, அதைப் பறிக்க டிக்கெட் போட வேண்டும் என்று ஒரு கட்சியும் கூடாது என்று ஒரு கட்சியும் ஊர்வலம் போயின. கோவில் தேர்முட்டியில் எழுதக்கூடாது என்று தர்மகர்த்தாவும், சபையின் பிரசங்க மேடையில் எழுதக்கூடாது என்று பாஸ்டரும் சொன்னார்கள், இரண்டு பேர் வீட்டுக் கக்கூஸ் கதவும் அடுத்த வாரமே பூத்தன. பெண் வீட்டார் சீர்க்கட்டிலில் தா.வி. எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கத் தொடங்கினார்கள். எந்தப் பெயின்டானாலும் சரி, எவர் கையானாலும் சரி, இரண்டாவது எழுத்து முடிந்து புள்ளி விழுந்தால் போதும், பிடித்துக்கொள்ளும் என்பது ஊருக்கு மனப்பாடமாயிற்று. செல்லத்துரை சார் விட்டுவிடுவாரா? தன் துறைச் சாமான் அத்தனையிலும் வி.ல. என்று புதிதாக எழுதி, வாலோ கொம்போ முளைக்கும் என்று ஒரு மாதம் காத்திருந்தார். ஒரு தெள்ளுப்பூச்சிகூட அசையவில்லை.

எஸ்தருக்கு இதெல்லாம் பயமாக இருந்தது. மரம் முளைத்ததைவிட, முளைத்ததைப் பார்த்து ஒருவர் முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லாததுதான் பயமாக இருந்தது. 'என்ன நடக்குன்னே தெரியாம இப்படி எழுதிக்கிட்டே போறியள, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?' என்று டீக்கடையில் நின்று சத்தம் போட்டாள். 'ஒண்ணும் ஆவாது மேடம், டீ குடிங்க,' என்றார்கள்.

ஆயிற்று. கீழத்தெருவில் தவசிமுத்து என்றொரு பனையேறி இருந்தார். இடுப்பு விழுந்து, இரண்டு காலும் மரத்து, பாயில் கிடந்தார். பிறந்த நாளிலிருந்து உயரத்தில் இருந்து பழகின மனுஷனுக்குக் கிடக்கிற இடம் நரகமாக இருந்தது. மகனைக் கூப்பிட்டு, 'லே, என் கால்ல அந்த ரெண்டெழுத்த எழுதுலே,' என்று அவரே கேட்டார் என்றுதான் மகன் பின்னால் சொன்னான். எழுதினான். விடியும்போது பாய் கிழிந்து, கூரை கிழிந்து, தவசிமுத்து நெட்டைப் பனையாக நின்றார், உச்சியில் ஓலை சலசலத்தது. ஊர் கூடிப் பார்த்தது, ஒரு பாட்டம் அழுதது, பின்பு எல்லோரும் அண்ணாந்து, நல்ல பாளை விட்டிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

செய்தி கேட்டு எஸ்தர் ஓடிப் போனபோது மகன் இடுப்பில் கலயத்தைக் கட்டிக்கொண்டு பாதி உயரத்தில் இருந்தான்.

"ஏல, இறங்கு! யார் மேல ஏறுதன்னு தெரியுதா ஒனக்கு?"

"தெரியுது மேடம். எங்க அப்பா மேலதான ஏறுதேன்," என்று அவன் மேலிருந்து சொன்னான். "சின்னப் பிள்ளையில ஏறுனது. பதனி நல்லா இனிக்கி, ஒரு செம்பு குடிச்சிட்டுப் போங்க."

குடிக்க வந்தவர்கள் வரிசையில் பனையோலைப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். எஸ்தர் வேலியோரம் போய் வாந்தி எடுத்தாள்.

வடக்கே சில ஊர்களில், ரொம்ப நாள் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பார்கள் என்று காதோடு காதாகச் சொல்வதுண்டு, கருக்குவிளைக்காரர்கள் அதைக் கேட்டால் 'பாவிகளா' என்று நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள். அதே கைதான் இப்போது பிரஷைப் பிடித்தது. கேட்டு எழுதினது ஒன்று என்றால் கேட்காமல் எழுதினது ஒன்பது. ரேஷன்கடை அருணாசலத்தின் அப்பா கொல்லையில் வேம்பானார். டெய்லர் வீட்டுக் கிழவி முருங்கையானாள். சாகவில்லையே, பச்சையாகத்தானே நிற்கிறார்கள் என்றார்கள். படுக்கைப் புண் இல்லை, மருந்து இல்லை, அள்ளிக் கொட்டுவது இல்லை, சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. பொங்கலுக்கு அடிமரத்தில் வேட்டியும் சேலையும் சுற்றினார்கள், வெளியூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் ஊஞ்சல் கட்டி ஆடினார்கள். வாசலில் கட்டிலைப் போட்டுக் கிடந்த கிழடுகள் ஒவ்வொருவராகக் கட்டிலைவிட்டு எழுந்து மரமாய் நிற்க, கருக்குவிளை தேரிக்காட்டிலேயே குளிர்ச்சியான ஊர் என்று பேர் வாங்கிவிட்டது.

எஸ்தருக்கு இனி உயிர்போகிற கவலை ஒன்றே ஒன்றுதான். அவள் அம்மா ஞானப்பூ.

ஞானப்பூவுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சாலமோன், மெயின் ரோட்டில் பலசரக்குக்கடை வைத்திருந்தான். இளையவள் எஸ்தர். கண்ணும் காதும் தெளிவாக இருந்த ஞானப்பூவுக்கு முழங்கால் மட்டும் போய்விட்டது, பிடித்துத்தான் எழுப்ப வேண்டும், பிடித்துத்தான் உட்காரவைக்க வேண்டும். மாதமுறை என்று பேசிவைத்திருந்தார்கள். ஒரு மாதம் மகன் வீடு, ஒரு மாதம் மகள் வீடு. மாதம் பிறந்தால் ஒரு தலையணை, ஒரு தகரப்பெட்டி, ஒரு ஞானப்பூ, மூன்றும் ஆட்டோவில் ஏறி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான், இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. எஸ்தர் அம்மாமேல் உயிரையே வைத்திருந்தாள், அது பொய்யில்லை. ஆனால் தன் மாதம் முடிந்து ஆட்டோ தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திக் காலை நீட்டி ஒரு காபி போட்டுக் குடிப்பாளே, அந்தக் காபி மற்ற நாள் காபியைவிட ருசியாக இருக்கும், அதுவும் பொய்யில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று தெரியாமலா சொன்னார்கள்.

முருங்கையான கிழவியைப் பார்த்துவிட்டு வந்த அன்று எஸ்தர் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். உள்ளறைக் கட்டிலில் அம்மா இருந்தாள்.

"அண்ணே, நீ என்ன நெனச்சிருக்கியோ எனக்குத் தெரியாது. அம்மா மேல ஒரு புள்ளி மஞ்சள் விழுந்துச்சு, போலீசுக்குப் போவேன்."

"எம்மேல ஏம்ட்டி பாயுத?" என்றான் சாலமோன். "நான் ஏதும் சொன்னேனா?"

"சொல்லல. மதினி சொன்னாவளாமே, பின்னால எடம் சும்மாதான கெடக்குன்னு."

"அது அவ தக்காளி போடுததுக்குச் சொன்னது," என்று அவன் கத்த, சமையலறையில் ஒரு பாத்திரம் ஓங்கி விழுந்தது. கட்டிலிலிருந்து ஞானப்பூ, "சண்ட போடாதிய. மரத்துக்கு என்ன கொறச்ச? இருந்த எடத்துல இருந்துக்கிடலாம்," என்றாள். அம்மா சும்மா சொல்கிறாள் என்று இருவரும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் எஸ்தர் வீட்டு வாசலில் ஆள் வரத்து நிற்கவில்லை. எவர் கையானாலும் பிடிக்கும் என்றாலும், முதலில் எழுதின கை என்பதால் அவளுடையது ராசியான கை என்று ஒரு பேச்சு. வீல் சேரில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்து, 'நீங்களே எழுதித் தந்தா திருப்தியா இருக்கும் மேடம்,' என்று வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்கள். வீல் சேரில் இருந்தவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களை விரட்டின மறுநாள் காலை, ஒரு பலகையில் 'இங்கே எழுதித் தரப்படமாட்டாது' என்று மஞ்சள் பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதி கேட்டில் மாட்டினாள். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, டப்பாவையும் பிரஷையும் மதில்மேல் அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குத் தேதி முப்பத்தொன்று.

மாதமுறை பேசினவர்கள் ஆளுக்கு முப்பது நாள் என்று பேசினார்கள், முப்பத்தொன்றை என்ன செய்வது என்று பேசவில்லை. அந்த ஒரு நாள் யார் தலையில் என்பதில் ஒவ்வொரு தடவையும் ஒரு முணுமுணுப்பு நடக்கும். அன்று மத்தியானம் சாலமோன் போன் செய்தான். மதினி வீட்டில் ஒரு கல்யாணம், எல்லோரும் கிளம்புகிறோம், முப்பது முடிந்துவிட்டது, அம்மாவை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்றான். நாளைக்குத்தான் என் முறை, இன்றைக்கு எனக்குப் பரீட்சை வேலை என்றாள் எஸ்தர். நான் அனுப்பத்தான் செய்வேன் என்றான் அவன். நான் சாயங்காலம்தான் வருவேன் என்றாள் இவள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை வைத்தார்கள்.

சாயங்காலம் அவள் தெருவில் திரும்பும்போது தன் வீட்டு வாசலில் ஒரு பூவரசு நிற்பதைப் பார்த்தாள். நல்ல வளர்ந்த மரம், மஞ்சள் பூ பூத்து, ஒன்றிரண்டு சிவந்து கீழே உதிர்ந்து கிடந்தது. அடியில் ஒரு தலையணை. ஒரு தகரப்பெட்டி. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, 'வந்துட்டியளா? ஆட்டோக்காரன் படியில உக்கார வச்சிட்டுப் போனான், நான் தண்ணி குடுத்தேன், பெறவு உள்ள பால் பொங்குதேன்னு போயிட்டு வந்து பாக்கேன், மரம்,' என்று ரேஷனில் சீனி போட்டதைச் சொல்வதுபோல் சொன்னாள். அடிமரத்தில், முழங்கால் உயரத்தில், தா.வி. என்று மஞ்சளில் இருந்தது. அவசரத்தில் கிறுக்கினதுபோல் எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

கல்யாண வீட்டிலிருந்து சாலமோன் ஓடிவந்தான். அவன் சட்டையைப் பிடித்து எஸ்தர் உலுக்கினாள், தெரு முழுக்கப் பார்த்தது.

"கொன்னுட்டியே, பாவி! பெத்தவளக் கொன்னுட்டியே!"

"வேதப் புஸ்தகத்து மேல சத்தியமா நான் எழுதலட்டி! ஆட்டோவுல ஏத்தி விட்டேன், அவ்வளவுதான்!"

"ஏத்தி விடும்போது ஆட்டோக்காரன்ட்ட என்ன சொல்லி விட்ட?"

அவன் போய் அடிமரத்தைக் கட்டிக்கொண்டான். அழுதான். போகும்போது, தானே அறியாமல், "எப்படியும் ஒன் வாசல்லதான நிக்கி," என்று சொன்னான். அன்றோடு அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் தினமும் தண்ணீர் ஊற்றினாள், உதிர்ந்த பூவை மடியில் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள், மாணவர்களுக்குப் பூவரசைப் பற்றி நடத்த வேண்டிய பாடத்தை நடத்தாமல் விட்டாள். அந்த மாதம் அம்மாவுக்காக ஒரு நாளும் அவள் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை, அதை அவள் கவனிக்காமல் இருக்கவும் இல்லை.

பின்பு ஒரு நாள் செல்லத்துரை சார் ஒரு ஸ்டூலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துறைக்குள் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எஸ்தர் மேடம், திட்டாதீங்க. உங்க ஸ்டூல் மரத்துல ஒண்ணை எங்க துறைக்குத் தள்ளிக்கிடலாமுன்னு பாத்தேன். மண்ணெண்ணெயத் தொட்டு உங்க எழுத்த அழிச்சேன், எங்க எழுத்த எழுதுததுக்குத்தான். அழிச்ச ஒடனே இல எல்லாம் கொட்டி, வேர உள்ள இழுத்துக்கிட்டு, இந்தா பாருங்க. பழைய ஸ்டூலு. ஆணிகூட அப்படியே இருக்கு."

எஸ்தர் ஸ்டூலைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த மரம், வழவழவென்றிருந்தது. அழித்தால் திரும்புமா? திரும்புமென்றால் தவசிமுத்து, அருணாசலத்தின் அப்பா, டெய்லர் வீட்டுக் கிழவி, அம்மா! வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வெயிலில் ஓடினாள், அந்த வயசில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வழியில் முதல் வீடு அருணாசலத்தின் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அருணாசலம், உங்க அப்பாவ மீட்டுறலாம்! மண்ணெண்ணெயத் தொட்டு எழுத்த அழிச்சாப் போதும். ஸ்டூலு வந்துருச்சு, கண்ணால பாத்தேன். மனுசரும் வந்துருவாவ!"

யாரும் எழுந்திருக்கவில்லை. அருணாசலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் மனைவிதான் முதலில் பேசினாள்.

"மாமா நல்லாத்தான மேடம் இருக்காவ. போன வாரம்கூடப் பூத்தாவ."

"ஏம்மா, மனுசராத் திரும்பி வருவாருன்னு சொல்லுதேன்!"

"வந்தா எங்கன படுக்க வைக்க?" என்றாள் அவள், கோபம் ஒன்றும் இல்லாமல், வீட்டில் இடமில்லாதவர்கள் விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல. "அந்த ரூம்ல இப்ப புள்ள படிக்கான்."

அருணாசலம் தலையைத் தூக்காமல், "அவருக்கு மண்ணெண்ணெ வாட ஆகாது மேடம்," என்றான்.

டெய்லர் வீட்டில் கதவையே திறக்கவில்லை. தவசிமுத்துவின் மகன், சீசன் முடியட்டும் என்றான். அவள் போகிற வீதியெல்லாம் செய்தி முன்னால் ஓடிற்று, மண்ணெண்ணெய் டின்கள் வாசலிலிருந்து உள்ளே போயின, கொல்லைக் கதவுகளுக்குப் பூட்டு விழுந்தது. ஒரு வீட்டில் ஒருவன் உளியை வைத்து மாமரத்தில் எழுத்தை ஆழமாகச் செதுக்கிக்கொண்டிருந்தான், அவளைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னான், அவள் மாணவன். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள், இங்கே இரண்டும் கையில் இருந்தது, எறியத்தான் ஆளில்லை. எஸ்தருக்கு இவர்கள் யார் என்றே தெரியவில்லை. இவர்களோடுதான் திருவிழாவில் நின்றோமா, இவர்கள் பிள்ளைகளுக்குத்தான் பாடம் சொன்னோமா என்று நடுத்தெருவில் நின்று திகைத்தாள்.

பின்பு அண்ணன் கடைக்குப் போய், கல்லாவிலிருந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. நீ எழுதினத நான் அழிக்கத நீயே நின்னு பாரு," என்றாள். அவனும் மறுக்காமல், கடையிலிருந்தே ஒரு பாட்டில் மண்ணெண்ணெயை எடுத்துக்கொண்டு கூட வந்தான். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

துணியை நனைத்து எஸ்தர் அடிமரத்தில் தேய்த்தாள். 'வி' கரைந்தபோது பூக்கள் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டின. 'தா' கரைந்தபோது கிளைகள் உள்ளே வாங்கின, பட்டை சுருங்கிச் சேலை ஆயிற்று, வாசல்படியில் இரண்டு காலையும் முன்னால் நீட்டி ஞானப்பூ உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். தலைமுடியில் ஒரு இலை ஒட்டியிருந்தது.

"அம்மா!" என்று எஸ்தர் காலடியில் விழுந்தாள். விழுந்த இடத்தில் அம்மாவின் கணுக்காலுக்கு மேலே அழிந்தும் அழியாமலும் மஞ்சள் கறை தெரிந்தது. அவள் பக்கமிருந்து பார்க்க எழுத்துகள் தலைகீழாக இருந்தன. அம்மாவின் பக்கமிருந்து பார்த்தால் நேராக இருக்கும். காலை நீட்டி உட்கார்ந்து, தானே குனிந்து, தன் காலில் எழுதினால் ஒழிய அப்படி வராது.

"யாரும்மா எழுதுனா?"

"நாந்தான். ரெண்டு எழுத்துதான, எனக்குத் தெரியாதா? மதிலப் பிடிச்சிக் கொஞ்சம் எந்திச்சி டப்பாவ எடுத்தேன், எழுதிட்டு அங்கனயே திருப்பி வச்சேன்," என்றாள் ஞானப்பூ. அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. "எதுக்குட்டி தொடச்ச? சொகமா இருந்துச்சு. யாரும் எங்கயும் ஏத்தி எறக்கல."

ஞானப்பூ மகனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தலையணையையும் பெட்டியையும் தேடினாள். அப்புறம், எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கேட்பதைக் கேட்டாள்.

"இன்னைக்குத் தேதி என்ன?"

"பதினெட்டு," என்றான் சாலமோன், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. "எஸ்தரு மொறதாம்மா."

எஸ்தர் அவனை அடிக்கத் திரும்பினாள். இந்த நேரத்திலா அதைச் சொல்வாய் என்று கேட்க வாயைத் திறந்தாள். அந்த நொடியில், அவள் நெஞ்சுக்குள், அவளைக் கேட்காமலே, இன்னும் பன்னிரண்டு நாள் என்று ஒரு கணக்கு ஓடி நின்றது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகத்தை மறைக்க நேரமில்லை, அம்மா பார்த்துவிட்டாள்.

"சரி," என்றாள் ஞானப்பூ. மதிலைப் பிடித்துக் கொஞ்சம் எழும்பி, டப்பாவை எடுத்து மடியில் வைத்தாள். காய்ந்து ஆடை கட்டியிருந்த பெயின்டைப் பிரஷால் குத்திக் கிளறினாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்து, முதல் எழுத்தை எழுதத் தொடங்கினாள்.

வயசான கை, ஒரு எழுத்துக்கு ரொம்ப நேரம் எடுத்தது. பிடித்திருக்கலாம். சாலமோன் நின்ற இடத்திலிருந்து ஓர் எட்டு, எஸ்தருக்கு அந்த எட்டும் வேண்டாம், கையை நீட்டினாலே போதும். 'தா' முடிந்தது, புள்ளி விழுந்தது, ஞானப்பூ மூச்சு வாங்கிக்கொண்டு ஒருமுறை நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். 'வி'யின் வளைவு மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது, எஸ்தரின் கையில் இருந்த துணியிலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்துகொண்டிருந்தது.